டிராப் போட்ட நாள்

அன்று மத்தியானம் எங்கள் சேர்வர் யாருக்கும் பதில் சொல்லவில்லை.

நான் அப்போது ஹட்டனில் ஒரு சின்ன மென்பொருள் கம்பெனியில் வேலை செய்துகொண்டிருந்தேன். இரும்புக் கடைக்கு மேல்மாடி, தகரக் கூரை. நாலைந்து நாளாக மழை விடவில்லை. பக்கத்து மேசைக்காரரோடு பேசுவதற்கும் கத்த வேண்டியிருந்தது. முதலாளி சிவகுமார் சார், ஹட்டன் கடைவீதியில் பரம்பரையாகத் துணிக்கடை வைத்திருக்கும் குடும்பத்துப் பிள்ளை. கடையில் உட்காராமல் கம்பியூட்டர் படித்துவிட்டு வந்து ஊரிலேயே கம்பெனி ஆரம்பித்தவர். மொத்தம் ஐந்து பேர் வேலை செய்தோம். சேர்வர் என் பொறுப்பு.

இந்த வேலைக்குப் புதிதாக வருகிற பிள்ளைகளுக்காக இதை எழுதுகிறேன். இந்தச் சம்பவத்தைக் கூட்டங்களில் வெற்றிக் கதையாகச் சொல்கிறார்கள். ஒரு கூட்டத்தில் எனக்குப் பொன்னாடைகூடப் போர்த்தினார்கள். அங்கே சொல்லாமல் விட்ட பாதியை இங்கே சொல்கிறேன்.

சேர்வர் செய்த வேலை

லிந்துலைப் பக்கமும் டிக்கோயாப் பக்கமும் மண் சரியக்கூடிய தேயிலைத் தோட்டங்களில் மழைமானிகள் வைத்திருந்தோம். ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு சிம். எவ்வளவு மழை பெய்திருக்கிறது என்று அது அடிக்கடி சேர்வரைக் கூப்பிட்டுச் சொல்லும். காம்பரா என்னும் ஒற்றை அறை வீடுகள் வரிசையாக இருக்கும் லயங்களுக்குப் பக்கத்தில் கோயில் கூரையில் ஒரு சைரன் பெட்டி இருக்கும். அதுவும் சேர்வரைக் கூப்பிட்டு, அடிக்கட்டுமா என்று கேட்டுக்கொண்டே இருக்கும். மழை எல்லை தாண்டியிருந்தால் சேர்வர் "அடி" என்று சொல்லும். சொன்னால்தான் அடிக்கும்.

மூன்றாவதாக ஒரு வெப் பக்கம். தோட்டத்து ஆட்கள் பாதிப் பேர் கொழும்பிலும் வெளிநாட்டிலும் இருக்கிறார்கள். தோட்டத்தின் பெயரைத் தட்டினால், அங்கே மழை எவ்வளவு, எச்சரிக்கை உண்டா, சனங்கள் மேடான இடத்துக்குப் போய்விட்டார்களா என்று பார்த்துக்கொள்ளலாம். சாருக்கு அந்தப் பக்கத்தின் மேல் தனிப் பிரியம்.

மழைமானி, சைரன், வெப் பக்கம் மூன்றுக்கும் பதில் சொன்னது ஒரே வேர்க்கர் பூல். அதை இப்படி நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு சாப்பாட்டுக் கடையில் அறுபது வெயிட்டர்கள். வருகிற ஒவ்வொருவருக்கும் ஒரு வெயிட்டர். அவர் சாப்பிட்டு எழும்பும்வரை வெயிட்டர் அந்த மேசையை விட்டு அசையமாட்டார். அறுபத்தோராவது ஆள் வாசலில்தான் நிற்க வேண்டும். வந்தவர்கள் எல்லாரும் சட்டென்று சாப்பிட்டுவிட்டுப் போனால் அறுபது பேரே அதிகம். ஆனால் மலையில் சிக்னல் பலவீனம். மழை நாளில் ஒரு போன் அரை வார்த்தையை அனுப்பிவிட்டு மீதியை அனுப்ப இழுத்துக்கொண்டிருக்கும். அதுவரை அந்த வெயிட்டர் கையைக் கட்டிக்கொண்டு நிற்பார்.

சாதாரண நாளில் அறுபதில் பத்துப் பேருக்குக்கூட வேலை இருக்காது. அதனால் மூன்று வேலைக்கும் ஒரே பூல் போதும் என்று வடிவமைத்தேன். யாரும் தப்பென்று சொல்லவில்லை.

அந்த மத்தியானம்

லிந்துலைக்கு மேலே ஒரு தோட்டத்தில் லயம் ஒன்று மண்ணுக்குள் போய்விட்டதாக யாரோ முகநூலில் போட்டுவிட்டார்கள். அது அப்போது பொய். ஆனால் தோட்டத்தின் பெயரோடு போட்டிருந்தார்கள். கொழும்பில் கடைகளில் நிற்கும் பிள்ளைகள், சவூதியிலும் குவைத்திலும் வீட்டு வேலை செய்யும் அம்மாமார் எல்லாரும் ஒரே நேரத்தில் எங்கள் பக்கத்தைத் திறந்தார்கள். திறக்காவிட்டால் திரும்பத் திரும்பத் தட்டினார்கள்.

என் திரையில் அறுபது வேர்க்கரும் பிஸி. வாசலில் வரிசை வளர்ந்துகொண்டே போனது. அந்த வரிசைக்குள் எங்கேயோ அதே தோட்டத்தின் மேல் பகுதியான மேட்டு டிவிஷனின் சைரன் பெட்டியும் நின்றது. அது சேர்வரோடு பேசி அரைமணி நேரத்துக்கு மேல் ஆகியிருந்தது. கடைசியாக மழைமானி சொன்ன அளவே எல்லையைத் தொட்டுக்கொண்டு நின்றது.

"கலா, வேர்க்கரக் கூட்டுங்க. அறுபது பத்தாட்டி நூத்தி இருவது வைங்க" என்றார் சார்.

கூட்டினேன். எங்களிடம் இருந்தது சின்ன மெஷின். ஒவ்வொரு வேர்க்கரும் கொஞ்சம் மெமரி தின்னும், டேட்டாபேஸில் ஓர் இடம் பிடிக்கும். நூற்றிருபது பேர் உள்ளே நுழைந்ததும் மெஷின் மூச்சுத் திணறியது. முன்பு தாமதமாகவாவது பதில் வாங்கியவர்களுக்கும் இப்போது பதில் இல்லை. பழையபடி அறுபதுக்கு இறக்கினேன்.

அடுத்து டைம்அவுட்டைக் குறைத்தேன். இழுத்துக்கொண்டிருப்பவர்களைச் சீக்கிரம் எழுப்பி அனுப்புவதுதான் யோசனை. அதில் முதலில் எழுப்பப்பட்டது மழைமானிகள்தான். எல்லோரையும்விட மோசமான சிக்னலில் இருந்தது அவைதானே. அதையும் பழையபடி வைத்தேன்.

"சார், பப்ளிக் பேஜை வெட்டப் போறேன்."

சார் எழும்பி என் மேசைக்கு வந்துவிட்டார். "வெட்டுறதா? இன்னைக்கா? இன்னைக்குத்தான் அத்தன பேரும் பாக்குறாங்க. இன்னைக்கு இல்லாட்டி அப்புறம் என்னாத்துக்கு அந்தப் பேஜ்?"

"பாக்குறவங்க யாரும் லயத்துல இல்ல சார். சைரன்தான் லயத்துல இருக்கு."

அவர் ஜன்னல் பக்கம் பார்த்தார். கீழே தெரு ஆறாகப் போய்க்கொண்டிருந்தது.

"சரி. வெட்டுங்க" என்றார்.

வெட்டுவதில் இரண்டு வகை உண்டு. சேர்வருக்கு முன்னால் நிற்கும் ஃபயர்வாலிடம் ரிஜெக்ட் என்று சொன்னால், வருகிறவரிடம் "இங்கே இடமில்லை" என்று உடனே சொல்லி அனுப்பும். டிராப் என்று சொன்னால் எதுவும் சொல்லாது. தட்டுகிற சத்தத்தைக் கேட்டும் கேட்காததுபோல இருந்துவிடும். ரிஜெக்ட் போட்டால் உடனே பதில் கிடைக்கும், மக்கள் உடனே மறுபடி தட்டுவார்கள். டிராப் போட்டால் ஒவ்வொரு போனும் பதிலுக்காகக் காத்துக் களைத்துப்போகும், தட்டுவது குறையும். நல்லவேளையாக மழைமானிகளுக்கும் சைரனுக்கும் வேறு போர்ட், அதாவது வேறு வாசல், கொடுத்திருந்தேன். அந்த நெருக்கடியிலும் இதையெல்லாம் யோசித்தோமே என்று எனக்குள் ஒரு பெருமைகூட வந்தது. வெப் பக்கத்தின் போர்ட்டுக்கு டிராப் போட்டேன்.

கொஞ்ச நேரத்தில் வேர்க்கர்கள் ஒவ்வொருவராக விடுபட்டார்கள். மழைமானிகள் உள்ளே வந்தன. மேட்டு டிவிஷன் எல்லையைத் தாண்டிப் போயிருந்தது. சைரன் பெட்டி வந்து கேட்டது. சேர்வர் "அடி" என்றது.

என் போன் அடித்தது. அந்தத் தோட்டத்தில் சைரனைப் பார்த்துக்கொள்ளும் ராஜேந்திரன் அண்ணன். கொழுந்து லொறி ஓட்டுகிறவர். அவர் குரலுக்குப் பின்னால் சைரன் கேட்டது.

"தங்கச்சி, அடிக்குது! சனத்த எல்லாம் கோயிலுக்கு ஏத்திக்கிட்டு இருக்கோம். டீவியத் தூக்கப் போறேன், கோழியப் புடிக்கப் போறேன்னு நிக்கிறவங்கள இழுத்துக்கிட்டு வாரோம்."

மறுபடி அவர் கூப்பிட்டபோது சுவரில் மணி நாலு.

"மேட்டு லயத்துல நாலு காம்பரா போயிருச்சும்மா. அப்பிடியே மண்ணு வந்து மூடிருச்சு. உள்ள ஒருத்தரும் இல்ல. ரெண்டு தரம் எண்ணிப் பாத்துட்டோம். எல்லாரும் இருக்காங்க."

"புள்ளைங்க?"

"எல்லாரும் இருக்காங்க தங்கச்சி."

அதோடு லைன் அறுந்தது. அந்தப் பக்கத்து டவருக்குக் கரண்ட் போய்விட்டது என்று பிறகு தெரிந்தது. அதன் பிறகு அந்தத் தோட்டத்துக்கு யாருடைய அழைப்பும் போகவில்லை.

நான் மேசையில் தலையை வைத்து அழுதேன். சார் பிளேன்டீ போட்டுக் கொண்டுவந்து வைத்தார். எங்கள் கம்பெனியில் அவர் யாருக்காவது டீ போட்டதை அன்றுதான் பார்த்தேன்.

மழை அன்று நிற்கவில்லை. மற்றத் தோட்டங்களின் சைரன்களும் சேர்வரிடம் கேட்டுக்கொண்டே இருந்தன. டிராப்பை எடுத்தால் பழையபடி பூல் நிரம்பிவிடும். எடுக்கவில்லை. மறுநாள் காலையில் மழை குறைந்த பிறகுதான் எடுத்தேன். வெப் பக்கம் திறந்தது. எல்லாம் முடிந்துவிட்டது என்று நினைத்தேன்.

பொன்னாடை

சில வாரங்கள் கழித்து அந்தத் தோட்டத்துப் பாடசாலையில் ஒரு கூட்டம் வைத்தார்கள். ராஜேந்திரன் அண்ணனுக்கு மாலை போட்டார்கள், எனக்குப் பொன்னாடை. சார் மேடையில் பேசினார். "அறுபது வேர்க்கரையும் யாருக்குக் குடுக்கிறதுன்னு ஒரு நிமிஷத்துல முடிவு எடுத்தது இவங்கதான்" என்றார். வேர்க்கர் என்றால் என்னவென்று புரியாவிட்டாலும் எல்லாரும் கைதட்டினார்கள். அதை வாங்கிக்கொள்ள எனக்கு ஒரு கூச்சமும் இருக்கவில்லை. அதைச் சொல்லித்தான் ஆக வேண்டும்.

கூட்டம் முடிந்து வகுப்பறையில் பணிசும் டீயும் கொடுத்தார்கள். ராஜேந்திரன் அண்ணன் ஒரு பெண்ணை அழைத்துக்கொண்டு வந்தார்.

"இவங்கதான் பரமேஸ்வரி. குவைத்துல இருந்து போன வாரம்தான் வந்தாங்க. மண்ணுக்குள்ள போன நாலு காம்பராவுல ஒன்னு இவங்களோடது. மகள இவங்க தங்கச்சி அங்க வச்சிப் பாத்துக்கிட்டு இருந்துச்சு."

மகளுக்கு ஒன்பது, பத்து வயது இருக்கும். பெயர் தர்ஷினி. சிநேகிதிகளோடு ஜன்னல் பக்கம் நின்று பணிஸ் தின்றுகொண்டிருந்தாள். பரமேஸ்வரி அவள் பக்கம் திரும்பவில்லை.

"மிஸ், அந்தப் பேஜ நீங்கதான் பாத்துக்குறீங்களா?"

"ஆமாக்கா."

"அன்னைக்கு அது சுத்திக்கிட்டே இருந்துச்சு."

எனக்கு அது பழகிய புகார். விளக்கத் தொடங்கினேன். "அன்னைக்கு நெறைய பேரு வந்துட்டாங்க அக்கா. சைரனுக்கு வழி விடணும்னு நாங்கதான் அத நிறுத்தி வச்சோம்."

"நிறுத்தி வச்சீங்களா?" அவர் என்னைக் கூர்ந்து பார்த்தார். "அப்ப நீங்க அங்க இருந்தீங்களா?"

"இருந்தேன்."

"நான் யாருமே இல்லைன்னு நெனச்சேன் மிஸ். டவுனும் போயிருச்சு, ஒங்க ஒபிஸும் போயிருச்சு, பதில் சொல்ல ஒரு மனுஷரு மிச்சம் இல்லைன்னு நெனச்சேன்."

அவர் மெதுவாகத்தான் பேசினார். லயம் மண்ணுக்குள் போய்விட்டது என்று முகநூலில் பார்த்திருக்கிறார். தங்கச்சிக்கு அழைத்தால் போகவில்லை. எங்கள் பக்கத்தைத் திறந்தால் வட்டம் சுற்றுகிறது. எசமானியம்மாவின் பிள்ளைக்குச் சோறு ஊட்டும்போதும் மடியில் போனை வைத்து அந்த வட்டத்தைப் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறார். இரவு அதே தோட்டத்தின் படம் ஒன்று வந்தது. இந்தத் தடவை படம் உண்மை. மண்ணும், மண்ணுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த தகரமும். தன் காம்பராவின் தகரத்தில் தானே அடித்த நீலப் பெயின்ட்டை அவருக்கு அடையாளம் தெரிந்திருக்கிறது.

"விடியக்காலம் வரைக்கும் பாத்தேன் மிஸ். அதுக்கு மேல என்னா செய்ய? பாத்ரூம் கதவப் பூட்டிக்கிட்டு, தண்ணியத் தொறந்து விட்டுட்டு…" நிறுத்திவிட்டு ஜன்னல் பக்கம் ஒருமுறை பார்த்தார். குரலைத் தாழ்த்தினார். "தல முழுகிட்டேன்."

எங்களில் ஒரு சாவு விழுந்தால், போனவரின் உறவுக்காரர்கள் செய்வது அது. அழுது முடித்து, இனி இல்லை என்று ஒப்புக்கொண்டு தலையில் ஊற்றிக்கொள்ளும் தண்ணீர்.

"உசுரோட இருக்கிற புள்ளைக்குத் தல முழுகிட்டு வந்து நிக்கிறேன். அவ மொகத்தப் பாக்க எனக்கு வெக்கமா இருக்கு. தங்கச்சிகிட்டகூட சொல்லல. ஒங்ககிட்டதான் சொல்றேன்."

"அக்கா…"

"எல்லாரும் தப்பிச்சிட்டாங்கன்னு ஒங்களுக்கு எப்ப தெரியும் மிஸ்?"

பொய் சொல்லலாமா என்று ஒரு கணம் நினைத்தேன்.

"நாலு மணிக்கு."

"அன்னைக்கு நாலு மணிக்கா?"

"ஆமா."

அவர் தலையை ஆட்டினார். கணக்குப் போடுவது முகத்தில் தெரிந்தது. நாலு மணிக்கும் மறுநாள் விடியற்காலைக்கும் நடுவில் எவ்வளவு நேரம் என்று. பிறகு, "டீ ஆறிப் போகுது, குடிங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

ஹட்டனுக்கு பஸ்ஸில் திரும்பும்போது பொன்னாடையை மடித்துப் பையின் அடியில் திணித்தேன். பக்கத்துச் சீட்டில் இருந்த அம்மா, "என்னா விசேஷம் பிள்ள?" என்று கேட்டார். "ஒன்னுமில்லங்க" என்றேன்.

மூன்று பூல்

மறுநாள் சாரிடம் சொன்னேன். அவர் பேனாவை உருட்டிக்கொண்டே கேட்டார்.

"கலா, நீங்க வெட்டாட்டி சைரன் அடிச்சிருக்காது. அந்தப் புள்ள இன்னைக்கு இல்ல. அத அந்த அம்மாகிட்ட சொல்லியிருக்கலாமே?"

"தெரியும் சார். வெட்டினது சரி. ஆனா நாலு மணிக்கு எனக்குத் தெரிஞ்ச ஒரு வரிய அங்க எழுதி வைக்க ஒரு வேர்க்கர்கூடத் தேவப்படல."

அதுதான் உண்மை. எழுதி வைத்த ஒரு பக்கத்தைக் காட்டுவதற்கு டேட்டாபேஸ் வேண்டாம், பூல் வேண்டாம். வேறு ஒரு மலிவு மெஷினில் வைத்தால் ஆயிரம் பேர் வந்தாலும் அது அசையாமல் காட்டிக்கொண்டிருக்கும். படித்த பிள்ளை யாரும் அரைமணி நேரத்தில் செய்துவிடுவார்கள். அன்று மாலை ஐந்து மணியிலிருந்து நான் சும்மாதான் இருந்தேன். டீ குடித்தேன், வீட்டுக்குப் போன் பேசினேன், திரையில் வேர்க்கர்கள் அமைதியாக இருப்பதை ரசித்தேன். அந்த அமைதிக்கு வெளியே யார் நிற்கிறார்கள் என்று ஒரு தடவைகூட யோசிக்கவில்லை.

பூலை மூன்றாகப் பிரித்தேன். சைரனுக்கு ஒன்று, மழைமானிக்கு ஒன்று, மக்களுக்கு ஒன்று. ஒன்று நிரம்பினால் மற்றதைத் தொடாது. மக்களுடையது நிரம்பினால் வாசலில் நிற்கிறவர்களை அந்த மலிவு மெஷினுக்கு அனுப்பும்.

அதில் என்ன எழுதுவது என்பதில்தான் நாள் போனது. சார் முதலில், "சேவை தற்காலிகமாக இடைநிறுத்தப்பட்டுள்ளது, அசௌகரியத்துக்கு வருந்துகிறோம்" என்று எழுதிக் கொடுத்தார். பரமேஸ்வரி அக்கா குவைத்தில் இதைப் படித்திருந்தால் என்ன செய்திருப்பார் என்று கேட்டேன். சாரே அதை அடித்துவிட்டார். இப்போது இருப்பது இது: "நாங்கள் இங்கே இருக்கிறோம். சைரன்களுக்கு வழிவிடுவதற்காக இந்தப் பக்கத்தைக் குறைத்திருக்கிறோம். தோட்டங்களிலிருந்து கடைசியாக வந்த தகவல் கீழே." கீழே வருவதை எந்த நிரலும் எழுதாது. போன் எடுத்த ஆள் கையால் தட்டவேண்டும், நேரத்தோடு.

அடுத்த பெருமழையில் அந்தப் பக்கம் வேலை செய்தது. கொழும்பிலிருந்து ஒருவர் கூப்பிட்டு, "சொல்ல முடியலைன்னு சொல்றதுக்கு ஒரு பேஜா?" என்று கத்தினார். கேட்டுக்கொண்டேன்.

பிள்ளைகளே, பூல் நிரம்பத்தான் செய்யும். எவ்வளவு பெரிய மெஷின் வாங்கினாலும் ஒரு நாள் நிரம்பும். யாரை வெளியே நிறுத்துவது என்று அன்று நீங்கள் முடிவு எடுக்கவேண்டி வரும். தயங்காமல் எடுங்கள். ஆனால் வெளியே நிறுத்துகிறவருக்கு ஒரு பதில் சொல்லிவிட்டு நிறுத்துங்கள். உங்கள் திரையில் அது ஒரு கனெக்‌ஷன். மறுமுனையில் ஒரு ஆள் கையில் போனைப் பிடித்துக்கொண்டிருக்கிறார்.

கொஞ்ச காலம் கழித்து ஹட்டன் பஸ் ஸ்டாண்டில் பரமேஸ்வரி அக்காவைப் பார்த்தேன். மகளுக்குப் பாடசாலைச் சப்பாத்து வாங்கிவிட்டு லிந்துலை பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தார். அவர் என்னைப் பார்க்குமுன் விலகிவிட நினைத்தேன். ஒரு பஸ்ஸுக்குப் பின்னால் ஒதுங்கவும் செய்தேன்.

"மிஸ்! இங்க வாங்க" என்று அவரே கூப்பிட்டார்.

போனேன். குவைத்துக்குத் திரும்பவில்லை, தோட்டத்திலேயே வேலைக்குப் பெயர் பதிந்துவிட்டதாகச் சொன்னார். நான் தலையாட்டினேன். தர்ஷினி என்னையும் அம்மாவையும் மாறி மாறிப் பார்த்தாள். ஏதோ சொல்லத் துடித்துக்கொண்டிருந்தாள்.

"மிஸ், ஒங்களுக்குத் தெரியுமா? அம்மா எனக்குத் தல முழுகிட்டாங்களாம், அவங்களே சொன்னாங்க! நான் இங்க கோயில்ல உக்காந்து பிஸ்கட் தின்னுக்கிட்டு இருக்கேன், அங்க இவங்க எனக்குத் தல முழுகுறாங்க!"

சொல்லிவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அவளுக்கு அது உலகத்திலேயே பெரிய பகிடி. பஸ்ஸுக்கு நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"சும்மா இரு புள்ள" என்றார் பரமேஸ்வரி அக்கா. அவரும் சிரிக்கப் பார்த்தார். நானும் பார்த்தேன். எங்கள் இரண்டு பேருக்கும் சிரிப்பு வரவில்லை. இருவரும் அவள் சிரித்து முடிக்கும்வரை தரையைப் பார்த்துக்கொண்டு நின்றோம்.